பாட்டுப் பெட்டியும் தேய்மானமும்

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைப் பாட்டுப் பெட்டியாக மாற்ற எவ்வளவு ஆகும்? இங்கே நாக்பூரில் நம்ம ஊர்க்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. விலைக்கு முன்னால் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். கதை தெரிந்தால் எதில் காசு போடலாம், எதில் கூடாது என்பது தானே விளங்கிவிடும்.

1982-ல் சிடி விற்பனைக்கு வந்தது. ஐந்து நிமிடப் பாட்டுக்கு அதில் சுமார் 53 எம்பி இடம் வேண்டும். அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டரில் நடக்கிற காரியமா? ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர், காது கவனிக்காத ஒலிகளைக் கழித்துவிட்டு மீதியைச் சேமிக்கும் வழியைக் கண்டார்கள். 1995-ல் அந்தக் கோப்புக்கு எம்பி3 என்று பெயர் வைத்தார்கள். அதே பாட்டு இப்போது 5 எம்பிக்குள் அடங்கிவிட்டது. 1997-ல் வினாம்ப் வந்தது. 1999-ல் வந்த நாப்ஸ்டரை 2001-ல் கோர்ட் வழக்கு மூடவைத்தது.

பாட்டு கம்ப்யூட்டருக்குள் வந்தாச்சு. ஆனால் கம்ப்யூட்டர் ஒரு மூலையில், நல்ல ஸ்பீக்கர் ஹாலில். இந்த இடைவெளியை அடைத்தவர் அமெரிக்காவின் ஷான் ஆடம்ஸ். அவருடைய ஸ்லிம் டிவைசஸ் கம்பெனி 2001-ல் ஸ்லிம்பி3 என்ற சின்னப் பெட்டியை விற்றது. அதில் டிஸ்க் கிடையாது. வேறு அறையிலுள்ள கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் வழியாகப் பாட்டை வாங்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். அனுப்புகிற மென்பொருளோ இலவசம், மூலநிரலும் திறந்தே இருந்தது. இதுதான் கதையின் முக்கியமான வரி.

அதே 2001-ல் ஜோஷ் கோல்சன் ஃப்ளாக் வடிவத்தை வெளியிட்டார். சிடியின் ஒலியில் எதையும் இழக்காமல், ஏறக்குறைய பாதி இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இதுவும் இலவசம்.

பூட்டுப் போட்டு விற்றவர்கள் கதி என்ன? மைக்ரோசாஃப்ட் 2004-ல் எம்எஸ்என் மியூசிக் கடை திறந்தது. 2006-ல் விற்பனையை நிறுத்தியது. 2008-ல், பாட்டின் பூட்டைத் திறக்கும் சர்வரையும் நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதாவது, காசு கொடுத்து வாங்கிய பாட்டு புதுக் கம்ப்யூட்டரில் பாடாது! கூச்சல் கிளம்பியதும் 2011 கடைசி வரை தவணை கொடுத்தார்கள்.

ஸ்லிம் டிவைசஸை 2006-ல் லாஜிடெக் வாங்கியது. 2012-ல் அந்தப் பெட்டி வரிசையையே கைவிட்டது. 2024-ல் அதன் இணைய சேவையும் மூடப்பட்டது. ஆனால் மூலநிரல் திறந்திருந்ததால் மென்பொருள் சாகவில்லை. தன்னார்வலர்கள் கையில், லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது. 2012-ல் 35 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன போர்டிலும் ஓடும், உங்கள் பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

வங்கிக்காரன் புத்தி கணக்குப் பக்கம்தான் போகிறது :-) பெட்டிக்குத் தேய்மானம் உண்டு, பாட்டுக்குக் கிடையாது. ஆகவே பெட்டிக்குக் குறைவாகச் செலவழியுங்கள். இருக்கிற பழைய கம்ப்யூட்டரே போதும். காசைப் போடவேண்டியது இரண்டு ஹார்ட் டிஸ்கில். ஒன்று வீட்டில், அதன் நகல் ஊரில் அண்ணன் தம்பி யாரிடமாவது.

அந்த டிஸ்கில் முதலில் ஏற்றவேண்டியது சினிமாப் பாட்டு இல்லை. அது இன்று எங்கேயும் கிடைக்கும். பாட்டி பாடிய தாலாட்டு, கல்யாண வீட்டு நாதஸ்வரம், தாத்தா பேசின பேச்சு என்று கேசட்டில் இருப்பவற்றுக்கு உலகத்தில் அது ஒன்றுதான் பிரதி. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் கொடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிந்து, ஃப்ளாக்காகச் சேமியுங்கள். 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகும், குறுக்கு வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கேசட் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 52 தேறும்.