பிஸ்டன்

எஞ்சின் சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடி, எரிப்பின் அழுத்தத்தைக் கனெக்டிங் ராடு வழியாகக் கிராங்க் ஷாப்டுக்குக் கடத்தும் உருளை. தமிழகக் கலைச்சொல் உந்துதண்டு.

இத்தாலியில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேர், 'இடித்தல்' என்னும் பொருளுள்ள லத்தீன் வினை. இலங்கைப் பாடநூல்கள் இதை 'முசலம்' என்கின்றன, அதாவது உலக்கை!

1980இல் டிவிஎஸ் 50 மொபெட் புறப்பட்ட ஓசூரில் உலக்கைக்குத் தமிழர், கன்னடர், தெலுங்கர் ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள்: உலக்கை, ஒனகெ, ரோகலி. பட்டறையில் மூவருக்கும் பிஸ்டன்தான்.

வழக்கு: 'ரிங் போயிடுச்சு' (பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது; நீலப் புகை வரும், ஆயில் குறையும்). 'பிஸ்டன் சீஸ் ஆயிடுச்சு' (சூடேறிச் சிலிண்டரில் இறுகிவிட்டது).