இரகசிய வருகை

இரகசிய வருகை என்பது, மகா உபத்திரவ காலம் தொடங்குமுன் இயேசு கிறிஸ்து ஆகாயத்தில் வந்து, தம்முடைய விசுவாசிகளைப் பூமியிலிருந்து எடுத்துக்கொள்வார் என்ற கிறிஸ்தவ நம்பிக்கை. மரித்த விசுவாசிகள் முதலில் எழுந்திருப்பார்கள். உயிரோடிருப்பவர்கள் சாவைக் காணாமலே மறுரூபமாவார்கள். கைவிடப்பட்டவர்கள் ஏழு ஆண்டுகள் அந்திக்கிறிஸ்துவின் பிடியில் இருப்பார்கள். அதன் முடிவில் எல்லாரும் காணப் பகிரங்க வருகை நடக்கும். ஒன்று தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தையும் மத்தேயு 24ஆம் அதிகாரத்தையும் இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள்.

கிறிஸ்து திரும்ப வருவார் என்பதில் சபைகளுக்குள் சண்டையில்லை. அந்த வருகை இரண்டு கட்டமாக நடக்குமா என்பதில்தான் பிளவு. அப்படிப் பிரித்துப் போதித்தவர்களில் முதன்மையானவர் 1830களில் பிளைமவுத் சகோதரர் இயக்கத்தை நடத்திய ஜான் நெல்சன் டார்பி. 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் அதை உலகெங்கும் கொண்டுபோனது.

தமிழ்நாட்டின் வேலூர் வட்டாரத்துக்குச் சகோதரர் இயக்கம் வெகு சீக்கிரமே வந்துவிட்டது. அதன் மூத்தவர்களில் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், 1830களின் பிற்பகுதியில் சித்தூரில் குடியேறினார். வேலூரும் அடங்கிய அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம் அது. டார்பியின் கெடுபிடியைக் கண்டித்து 1836இல் அவருக்கே கடிதம் எழுதியவர் குரோவ்ஸ். ஆனாலும் ஆண்டவர் சீக்கிரம் வருவார் என்ற எதிர்பார்ப்பில் அவர் யாருக்கும் குறைந்தவரல்லர். அவருடன் ஊழியம் செய்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் தென்மாவட்டம் ஒன்றில் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார். 1860இல் அவர் சபைகளில் எழுந்த எழுப்புதலில் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டன. அந்த எழுப்புதல் திருவிதாங்கூருக்குப் பரவியபோது, தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து மதம் மாறிய ஜஸ்டஸ் ஜோசப் ஒரு படி மேலே போய், 1881இல் வருகை நடக்கும் என்று ஆண்டையே அறிவித்தார். ஆண்டு வந்தது, போனது.

இன்று அதே வட்டாரத்துத் தோல்தொழில் ஊரான ஆம்பூரில் இந்த நம்பிக்கையின் நிலை சிக்கலானது. ஊரில் கன்கார்டியா பள்ளியையும் பெதஸ்தா மருத்துவமனையையும் உருவாக்கிய லுத்தரன் மரபு இரகசிய வருகையை ஏற்பதில்லை. அம்மரபின் ஆதார ஆவணமான 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, கடைசி உயிர்த்தெழுதலுக்கு முன்பே பக்தர்கள் உலகை ஆள்வார்கள் என்ற எண்ணத்தைத் தன் 17ஆம் பிரிவில் மறுக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை இதைப் போதிப்பதில்லை. ஆர்க்காடு மிஷன் வழிவந்த வேலூர் சி.எஸ்.ஐ. திருமண்டலத்திலும் இது சபையின் அறிக்கையாக இல்லை. ஆனால் ஞாயிறு காலை சி.எஸ்.ஐ. ஆராதனைக்கும் மாலையில் பெந்தெகொஸ்தே ஜெபக் கூட்டத்துக்கும் போகிற குடும்பங்களில் இந்த எல்லை மங்கிவிடும். போதனையின் உண்மையான வீடு பெந்தெகொஸ்தே, சகோதரர் சபைகள்தான். 1920களில் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனில், மணமும் சொத்தும் துறந்து வெள்ளையுடை அணிந்த ஊழியர்களின் வாழ்க்கையே வருகைக்கான ஆயத்தமாகக் கருதப்படுகிறது. வயலில் இருவர், ஏந்திரத்தில் இருவர், ஒருவர் எடுத்துக்கொள்ளப்படுவார், மற்றவர் கைவிடப்படுவார் என்று வேதம் சொல்கிற இடத்தில், ஷூ கம்பெனியின் தையல் மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இருவரை நிறுத்திப் பார்ப்பது இந்த ஊருக்குக் கடினமல்ல.

தோல் தொழிலை வளர்த்த ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம்களும் ஈசா நபியின், அதாவது இயேசுவின், வருகையை எதிர்பார்ப்பவர்களே. எதிரியான தஜ்ஜாலை அவர் வெல்வார் என்பது அவர்கள் நம்பிக்கை. வருகையும் எதிரியும் இரு தரப்புக்கும் உண்டு. வருகைக்கு முன்பே நல்லவர்கள் காணாமற்போவது மட்டும் முஸ்லிம்களின் நம்பிக்கையில் இல்லை.

திரைக்குப் பிடித்தது அந்தக் காணாமற்போதல்தான். 1972இல் டொனால்டு தாம்சன் இயக்கிய ‘எ தீஃப் இன் த நைட்’ அமெரிக்காவில் தேவாலயங்களிலும் முகாம்களிலும் புரொஜெக்டர் வைத்துக் காட்டப்பட்ட சிறுசெலவுப் படம். அதில் ஒரு பெண் கண்விழிக்கும்போது கணவன் இல்லை. அவனுடைய மின்சவரக் கருவி மட்டும் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் வந்த எந்தப் பெருஞ்செலவுப் படமும் இந்தக் காட்சியைத் தாண்டியதாகத் தெரியவில்லை. டிம் லஹேயும் ஜெரி ஜென்கின்ஸும் 1995இல் தொடங்கிய ‘லெஃப்ட் பிஹைண்ட்’ நாவல் வரிசை பல கோடிப் பிரதிகள் விற்றது. 2000இலும், நிக்கோலஸ் கேஜ் நடிப்பில் 2014இலும் படமானது. இரண்டிலும் விமான இருக்கைகளில் வெறும் உடைகள் கிடக்கின்றன. எச்.பி.ஓ.வின் ‘த லெஃப்ட்ஓவர்ஸ்’ (2014–2017) தொடரில் உலக மக்களில் இரண்டு சதவீதம் பேர் மறைகிறார்கள்; அவர்களில் நல்லவரும் உண்டு, கெட்டவரும் உண்டு, காரணமோ கடைசிவரை விளங்குவதில்லை. விசுவாசிக்கு இது உறுத்தும். ஆனால் இழந்தவர்களின் துக்கத்தை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த படைப்பு இந்த வகையில் வேறில்லை என்றே சொல்லலாம்.

வேதத்தில் தெசலோனிக்கேயர் பகுதி துக்கப்படுகிறவர்களைத் தேற்ற எழுதப்பட்டது. பவுல் அந்த அதிகாரத்தை முடிப்பதே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றுதான். படங்களில் அது பயமுறுத்தலாகிவிடுகிறது. எடுத்துக்கொள்ளப்பட்டவர்களுக்குக் கதையில்லை; கேமரா எப்போதும் கைவிடப்பட்டவர்களோடு தங்கிவிடுகிறது.

சினிமாக் கொட்டகைக்குப் போவதையே பாவமாக எண்ணிய சபைகளின் போதனை இப்படித் திரையில் பிழைத்திருப்பது ஒரு வேடிக்கை. கொட்டகை வேண்டாம் என்றவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியோடு சமாதானமானார்கள். ஏஞ்சல் டிவி போன்ற தமிழ்க் கிறிஸ்தவ அலைவரிசைகளில் கடைசிக்காலச் செய்தி முக்கிய இடம் பெற்றது. இப்போது அது யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடுகிறது. தென்னாப்பிரிக்கர் ஒருவர் 2025 செப்டம்பர் 23, 24 என்று நாள் குறித்த காணொலி உலகம் முழுவதும் சுற்றியது. நாள் குறிப்பதைப் பெரும்பாலான பெந்தெகொஸ்தே போதகர்கள் ஏற்பதில்லை. அந்த நாளைப் பிதா ஒருவரே அறிவார் என்ற வசனம் மத்தேயுவின் அதே 24ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது.