பிள்ளைக் கணக்கு: தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டின் வரலாறு

மக்கள்தொகைப் பெருக்கம் ஒரு பேராபத்து என்னும் கருத்து சென்னை மாகாணத்துக்குள் நுழைந்தது ஆட்சியாளர்களின் வழியாகத்தான். உணவு விளைச்சலை மிஞ்சி மக்கள் பெருகுவார்கள், பஞ்சமும் நோயும் அந்தப் பெருக்கத்தை வெட்டிச் சரிசெய்யும் என்று தாமஸ் மால்தஸ் 1798இல் எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் வருங்கால அதிகாரிகளைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரியில் 1805 முதல் அவர் பேராசிரியராக இருந்தார். 1876–78இல் தாது வருஷப் பஞ்சம் மாகாணத்தைச் சூறையாடியபோது வைஸ்ராய் லிட்டன் இதே வாதத்தைத்தான் கையில் எடுத்தார். பட்டினிச் சாவுகள் நிகழ்ந்துகொண்டிருந்த நாட்களிலும் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1871இல் 3.12 கோடியாக இருந்த மாகாணத்தின் மக்கள்தொகை 1881இல் 3.08 கோடியாகச் சரிந்திருந்தது. தலைகள் அதிகம் என்று ஆட்சியாளர்கள் சொல்லிக்கொண்டிருந்த பத்தாண்டில் தலைகள் குறைந்தன.

கருத்தடை பற்றிய பேச்சு இதற்குச் சற்றுப் பிந்தி வந்தது. கருத்தடை நூல் ஒன்றை மறுபதிப்புச் செய்ததற்காக 1877இல் லண்டனில் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து வழக்கைச் சந்தித்தவர் அன்னி பெசன்ட். பின்னாளில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவரானவரும் அவர்தான். ஆனால் அந்தச் சபையில் சேர்ந்த பிறகு, 1891இல், கருத்தடைக் கொள்கையையே கைவிட்டுவிட்டார். சென்னையில் அந்தக் கொள்கையை முறையாகப் பரப்பிய அமைப்பு, 1928இல் தோன்றிய சென்னை நவ மால்தூசியன் சங்கம். உயர்நீதிமன்ற நீதிபதி வேபா ராமேசம் உள்ளிட்ட மேல்தட்டுப் படிப்பாளிகள் அதை நடத்தினார்கள். நாட்டின் வறுமைக்கு ஏழைகளின் பிள்ளைப்பேறே காரணம் என்ற எண்ணம் அவர்களிடம் மேலோங்கியிருந்தது.

பெரியார் ஈ.வெ.ரா. இந்த வாதத்திலிருந்து விலகி நின்றார். பெண்ணின் உடல்நலம், குடும்பச் சொத்து, நாட்டின் வறுமை ஆகியவற்றுக்காகக் கருத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொல்வதாகவும், சுயமரியாதை இயக்கம் அதைப் பெண்ணின் விடுதலைக்காகவே கேட்பதாகவும் அவர் எழுதினார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அதே காலத்தில் காந்தி கருத்தடைக் கருவிகளை எதிர்த்தார். 1935 இறுதியில் வார்தாவில் தம்மைச் சந்தித்த மார்கரெட் சாங்கரிடம் புலனடக்கமே வழி என்றார். ஆக, நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே தமிழகத்தில் இரண்டு வாதங்கள் இருந்தன. ஒன்று நாட்டுக்குச் சுமை என்று பிள்ளைகளை எண்ணியது. மற்றொன்று பெறுகிறவளின் விருப்பத்தைக் கேட்டது.

விடுதலைக்குப் பின் அரசு முதல் வாதத்தையே ஏற்றது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி, மூன்று பிள்ளைகளுக்கு மேல் பெறுவதை முன்யோசனையற்ற தாய்மை என்று தம் அறிக்கையில் வகைப்படுத்தினார். 1952இல் இந்தியா தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம், இத்துறையில் உலகில் ஓர் அரசு தேசிய அளவில் ஏற்ற முதல் திட்டம். கோபாலசாமி பின்னர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராகவும் பணியாற்றினார். 1956இல் கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கும் முறையை இந்தியாவிலேயே முதலில் தொடங்கியது சென்னை மாநிலம். சில ஆண்டுகளில், ஆள் பிடித்து வருபவருக்கும் தொகை தரப்பட்டது. ஆண்களுக்கான அறுவை எளிது: விதைப்பையில் மரத்துப்போக ஊசி, சிறு கீறல், விந்துக்குழாய் இரண்டையும் வெட்டிக் கட்டுதல், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கையில் காசில்லாத மாதங்களில் கூலித் தொழிலாளிக்கு அந்தத் தொகையே காரணமாகிவிடும் நிலை அப்போதே உருவானது.

அறுபதுகளின் பிற்பகுதியில் குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னமான சிவப்பு முக்கோணம் ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் ஏறியது. 1968இல் நிரோத் ஆணுறை மூன்று 15 காசுக்குப் பெட்டிக்கடைக்கு வந்தது. ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ பேருந்தின் முதுகிலும் சினிமாக் கொட்டகையின் சிலைடிலும் இடம்பிடித்தது. குடும்பக் கட்டுப்பாடு அரசுக் கோப்புகளில் ‘கு.க.’ என்று சுருங்கியது. ஊர்ப்பேச்சில் ‘ஆபரேஷன்’ என்றாலே போதும் என்றானது. இத்தனைக்கும் 1961–71இல் மாநிலத்தின் மக்கள்தொகை 22 விழுக்காடு கூடியது. அம்மையும் காலராவும் மலேரியாவும் பின்வாங்கியதால் சாவு குறைந்திருந்தது. பிறப்பு அந்த வேகத்தில் இன்னும் குறையவில்லை.

நெருக்கடி நிலையின்போது, இத்தனை அறுவைகளை முடிக்க வேண்டும் என்ற கணக்கைக் குறித்த ‘இலக்கு’ என்னும் சொல் அச்சத்தைத் தந்தது. 1976–77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 82 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. வட மாநிலங்களில் வற்புறுத்தல் மிகக் கடுமையாக இருந்தது. 1977 தேர்தலில் காங்கிரஸ் அங்கே வீழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குப் பின் ஆண்களுக்கான அறுவை நாடெங்கும் தேய்ந்தது, சுமை பெண்கள் மேல் விழுந்தது.

தமிழ்நாட்டில் பிறப்பு உண்மையில் சரிந்தது எண்பதுகளில்தான். 1971இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.9 பிள்ளைகள், 1991இல் 2.2. அப்போது உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 5. கேரளத்தில் இதை நிகழ்த்தியது கல்வி என்பார்கள். தமிழ்நாட்டில் 1991இல்கூடப் பெண்களில் பாதிப்பேருக்குத்தான் எழுத்தறிவு இருந்தது. படிக்காத பெண்களும் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை இதற்கு அடிப்படைக் காரணங்களில் ஒன்று. 1971இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 ஓராண்டுக்குள் இறந்தன. 1991இல் அது 57ஆகக் குறைந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளை ஆடு மேய்க்கவோ தீப்பெட்டி ஒட்டவோ வருவதில்லை, செலவுதான் வைக்கும். வீடு வீடாகப் போய்த் தாய்மார்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதிய கிராம சுகாதார செவிலியர், நெருக்கமான பேருந்து வசதி, குடும்பக் கட்டுப்பாட்டில் தனி முனைப்புக் காட்டிய தலைமைச் செயலாளர் டி.வி. அந்தோணி போன்ற நிர்வாகிகள் என இவை அனைத்துக்கும் பங்கு உண்டு. திருமண வயதும் மெல்ல உயர்ந்தது.

நடைமுறையில் இந்த மாற்றம் நிகழ்ந்த இடம் பிரசவ வார்டு. இரண்டாவது பிள்ளை பிறந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, தாய் அங்கிருக்கும்போதே கருக்குழாய் அறுவை முடிந்துவிடும். மாமியாரோ அவளுடைய தாயோ பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே காத்திருப்பார்கள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிலேயே பிள்ளைப்பேற்றை முடித்துக்கொண்ட பெண்கள் இதனால் பெருகினர். இன்றும் மாநிலத்தில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த அறுவையைச் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை. இடைவெளி விடும் முறைகள் பின்தங்கியே நின்றன. பெரியார் கேட்ட விடுதலையின் ஒரு பகுதி கிடைத்தது. ஆனால் கத்தி யார் உடலில் என்ற கேள்விக்கு விடை ஒருதலையாகவே இருந்தது.

இன்னொரு விலையும் கொடுக்கப்பட்டது. இரண்டு பிள்ளை போதும் என்றானபோது, அந்த இரண்டில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும் என்ற அழுத்தம் கூடியது. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலைகள் 1986இல் நாடறியச் செய்தியாயின. சேலம், தருமபுரி மாவட்டங்களும் பேசப்பட்டன. 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1961இல் 985ஆக இருந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கை 2001இல் 942ஆகச் சரிந்திருந்தது.

பிள்ளைக் கணக்கு அரசியல் கணக்காகவும் மாறியது. 1961 கணக்கெடுப்பின் அடிப்படையில் மறுவரையறை நடந்தபோது, 1967 தேர்தலில் சென்னை மாநிலத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. கட்டுப்பாட்டில் முன்னே போன மாநிலங்கள் இழப்படையக் கூடாது என்பதற்காக 1976இல் 42ஆவது திருத்தம், மாநிலங்களுக்கான இடங்களை 1971 கணக்கெடுப்பில் நிறுத்தியது. 2001இல் 84ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. ‘பதினாறும் பெற்று’ என்ற பழைய வாழ்த்து 2024இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினின் மேடைப்பேச்சில் தொகுதி மறுவரையறையோடு சேர்ந்து ஒலித்தது இந்தப் பின்னணியில்தான்.

2020இல் தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம் 1.4. தலைமுறையை ஈடுகட்டத் தேவையான 2.1ஐ மாநிலம் தொண்ணூறுகளிலேயே கடந்து கீழிறங்கிவிட்டது. 2011இலேயே மக்களில் பத்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். மூன்று கோடிப் பேர் இருந்த 1951இல் தலைகள் அதிகம் என்று கவலை எழுந்தது; ஏழு கோடியைத் தாண்டிய பின் போதாமல் போகும் என்று கவலை எழுகிறது. மாநிலத்தின் அனுபவம் மால்தஸின் கணிப்பையும் பொய்யாக்கியது, கெடுபிடியே தீர்வு என்ற நம்பிக்கையையும் பொய்யாக்கியது. பஞ்சம் மக்களைக் குறைத்தது விளைச்சல் போதாததால் மட்டுமல்ல, இருந்த தானியம் பசித்தவர் கைக்குப் போகாததாலும். பிறப்பைக் குறைத்ததில் பணத்தையும் இலக்கையும் விடப் பிழைத்த பிள்ளைகளுக்கும், சத்துணவுக்கும், கிராமச் செவிலியருக்கும் கூடுதல் பங்கு உண்டு. எத்தனை பேர் என்ற எண் தனியாக நின்று எதையும் தீர்மானிக்கவில்லை. அந்த எண்ணை யார் எதற்காக எண்ணினார்கள் என்பதே ஒவ்வொரு காலத்திலும் கொள்கையைத் தீர்மானித்தது.