வருவது உரைத்தலும் வருமுன் காத்தலும்: ஜொகூர் வரலாறு தரும் பாடம்

வருங்காலத்தை அறிய விழையும் வேட்கை மனித இனத்தோடு உடன்பிறந்தது. முக்காலமும் உணர்ந்தவனுக்கு ‘அறிவன்’ என்று பெயரிட்டு, அவன் சிறப்பை வாகைத் திணையில் வைத்துப் பேசுகிறது தொல்காப்பியம். நாளும் கோளும் நோக்கிக் காலத்தைக் கணித்தவர் கணியர் எனப்பட்டனர். அதே வேரிலிருந்துதான் இக்காலத் தமிழர் ‘கணினி’ என்னும் சொல்லை ஆக்கிக்கொண்டனர். அன்று கணியன் வாய்ச்சொல்லுக்கு ஊர் காத்திருந்தது. இன்று கணினியின் விடைக்கு உலகம் காத்திருக்கிறது.

ஆயினும், வருவதை உரைப்பது வேறு. வருமுன் காப்பது வேறு. அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர், இன்னது வரும் என்று சொல்லி அமைபவரைப் பாராட்டவில்லை. வரப்போவதை எண்ணிப் பார்த்துக் காத்துக்கொள்ளும் அறிவுடையார்க்கு நடுங்கவைக்கும் துன்பம் இல்லை என்கிறார். அறிதலோடு காத்தலையும் அவர் சேர்த்தே வைத்தார். ‘நாளைய உலகம்’ என்று கட்டுரை எழுதப் புகும் மாணவன் இவ்வேறுபாட்டை உணர வேண்டுமானால், ஜொகூரின் கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது நலம். அங்கே பலித்த கணிப்பும் உண்டு. பொய்த்த கணிப்பும் உண்டு.

மரத் தண்டவாளம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூரின் செல்வம் மிளகும் கம்பீரும் ஆகும். கம்பீர் என்பது தோல் பதனிடவும் சாயமேற்றவும் பயன்பட்ட இலைச்சாறு. சீனக் குடியேறிகள் ஆற்றங்கரைக் காடுகளை அழித்து இவற்றைப் பயிரிட்டனர். கம்பீர் இலையைக் காய்ச்சுவதற்கு விறகு மிகுதியாக வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் மண் வளம் குன்றும், விறகும் தீரும், பயிரிடுவோர் அடுத்த காட்டுக்கு நகர்வர். காடு உள்ளவரை வருவாய் உண்டு என்பதே அக்காலத்தார் எண்ணம்.

இந்நிலை நெடுநாள் நில்லாது என்று உணர்ந்தவர் போலப் புதுமைகளை நாடியவர் மன்னர் அபூபக்கர். ஜொகூர் பாருவிலிருந்து பூலாய் மலை நோக்கி இருப்புப் பாதை அமைக்கும் வேலை 1869இல் தொடங்கியது. செலவைக் குறைக்கும் நோக்கில் இரும்புக்கு மாறாக மரத்தாலேயே தண்டவாளம் இடப்பட்டது. பாதையைக் கறையான் அரித்துத் தின்றது. மலையை எட்டுமுன்பே திட்டம் கைவிடப்பட்டது.

மன்னரின் தொலைநோக்கு பொய்த்துவிட்டதா? இல்லை. 1909இல் ஜொகூரின் குறுக்கே இரும்புப் பாதை முழுமை பெற்றது. 1923இல் கடற்பாலத்தின் வழியே இரயில் சிங்கப்பூருக்கே ஓடியது. நாடு இருப்புப் பாதையால் வளரும் என்ற கணிப்பு மெய்யாயிற்று. பிழைத்தது எங்கே எனின், மண்ணின் இயல்பை எண்ணாமற்போன இடத்தில்தான். பெரிய கனவைச் சிறிய பூச்சி வீழ்த்தக்கூடும் என்பதை ஜொகூர் அன்றே கண்டது.

‘பைத்தியக்கார’ ரிட்லி

பிரேசில் நாட்டு ரப்பர் விதைகளை 1876இல் ஹென்றி விக்கம் இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, ரப்பரே இந்நாட்டின் வருங்காலம் என்று உறுதியாக நம்பினார். காப்பி பயிரிட்டு வந்த துரைமார்களிடம் ரப்பர் விதைகளைக் கொடுத்து நடும்படி வற்புறுத்தினார். அவர்களோ அவரைப் பைத்தியக்காரர் என்று எள்ளினர். மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை ரிட்லி வகுத்த பின்னும் தயங்கினர்.

பிறகு காப்பி விலை வீழ்ந்தது. 1896இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரை வாணிகப் பயிராக நட்டார். ரிட்லி சிங்கப்பூர் வந்த அதே 1888ஆம் ஆண்டில்தான் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றிருந்தார். முதலில் மிதிவண்டியும் பின்னர் மோட்டார் வண்டியும் பெருகப் பெருக, ரப்பர் பொன்னாயிற்று. 1910இல் விலை உச்சத்தை எட்டியது. கம்பீர் விளைந்த ஜொகூர் நிலமெங்கும் ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. எள்ளப்பட்ட ரிட்லி நூறாண்டு வாழ்ந்து, தம் கணிப்பின் வெற்றியைக் கண்ணாரக் கண்டு 1956இல் மறைந்தார்.

ரிட்லி மரத்தைக் கணித்தார். மனிதரைக் கணித்தவர் யார்? திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டச் சிற்றூர்களிலிருந்து கங்காணி வழியாகத் தமிழர் கப்பலேறினர். பொழுது விடியுமுன் வாளியும் உளியும் ஏந்திப் பால்மரக் காட்டுக்குள் நுழையும் ஒரு சமுதாயம் இங்கு உருவாயிற்று. அவர்களுடைய குடியிருப்பு, கல்வி, முதுமை ஆகியவற்றைப் பற்றி முன்கூட்டி எண்ணியவர் மிகச் சிலரே. 1930களின் தொடக்கத்தில் உலக வாணிகம் சரிந்தபோது, வேலையிழந்த தொழிலாளர் பெருந்தொகையினராகத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறும்போது கப்பல் இங்கு வரும். இறங்கும்போது அங்கு போகும். இதுவே அன்றைய திட்டம்.

செயற்கை ரப்பர் அச்சம்

1942 சனவரி 31ஆம் நாள் பிரிட்டிஷ் படைகள் ஜொகூரை விட்டுச் சிங்கப்பூருக்குப் பின்வாங்கிக் கடற்பாலத்தைத் தகர்த்தன. மலாயா ஜப்பானியர் கைக்குள் வீழ்ந்தது. தோட்டத் தமிழர் பலர் சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். ரப்பரின்றித் தவித்த அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆக்கத்தில் முழு மூச்சுடன் இறங்கியது. 1941இல் 231 டன்னாக இருந்த அதன் பொதுவகைச் செயற்கை ரப்பர் உற்பத்தி, 1945இல் மாதத்துக்கு 70,000 டன்னாயிற்று.

போர் முடிந்ததும், இயற்கை ரப்பரின் காலம் முடிந்தது என்று ஆரூடம் சொன்னவர் பலர். காரணம் இல்லாத அச்சம் அன்று அது. 1960களில் உலகப் பயன்பாட்டில் செயற்கை ரப்பர் முந்தியது. எனினும் பால்மரம் மாண்டுவிடவில்லை. 1946இல் மிச்செலின் நிறுவனம் உரிமை பெற்ற ரேடியல் டயருக்கு இயற்கை ரப்பரின் உறுதி தேவைப்பட்டது. வானூர்தி டயர்களுக்கும் கனரக வண்டி டயர்களுக்கும் இன்றும் அதுவே வேண்டும். 1925இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பன்மடங்கு பால் தரும் மரவகைகளை உருவாக்கியது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது, எண்ணெயிலிருந்து ஆக்கப்படும் செயற்கை ரப்பரின் விலையும் ஏறியது. இதில் ஒரு விந்தையும் உண்டு. எதனால் மலாயா அழியும் என அஞ்சினரோ, அதே செயற்கை ரப்பரின் ஒருவகையே இன்று மலேசியக் கையுறைத் தொழிற்சாலைகளுக்கு முதன்மையான மூலப்பொருள்.

எதிர்பாராத திசை

அறிஞர் உலகம் செயற்கை ரப்பரைக் கண்டு அஞ்சிக்கொண்டிருக்க, தொழிலாளிக்கு இடி வேறு திசையிலிருந்து வந்தது. 1950களிலும் 1960களிலும் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிற்பனை செய்தனர். ‘துண்டாடல்’ என்ற சொல்லே தோட்டத் தமிழருக்குத் துயரத்தின் பெயராயிற்று. வேலை போனது, வேலையோடு லயத்து வீடும் போனது.

அடுத்து வந்தது செம்பனை. அதற்கு ரப்பர் அளவுக்கு ஆள் வேண்டியதில்லை. செம்பனையில் காய் நன்கு பிடிக்க வேண்டி, மகரந்தத்தைப் பூக்களில் கையால் தூவும் வேலை மட்டும் பலருக்குப் பிழைப்பளித்து வந்தது. ரஹ்மான் சையத் என்னும் பூச்சியியல் அறிஞர், ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் அவ்வேலையைச் சிறு வண்டு ஒன்று செய்வதைக் கண்டறிந்தார். 1981இல் அவ்வண்டு ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் விடப்பட்டது. விரைவிலேயே அது நாடெங்கும் பரவியது. விளைச்சல் பெருகிற்று; கையால் மகரந்தம் தூவும் வேலை மறைந்தது. ஒரு வண்டு வந்து தம் வேலையை எடுத்துக்கொள்ளும் என்று எந்தக் கணியன் சொல்லியிருப்பான்? கறையான் ஒரு மன்னரின் திட்டத்தை வீழ்த்தியது. வண்டு ஒரு தொழிலையே வீழ்த்தியது.

பத்து வெள்ளிச் சேமிப்பு

இவ்வளவு இடர்க்கிடையே, வருமுன் காத்தலுக்கு ஒரு சான்றும் நம் வரலாற்றில் உண்டு. துண்டாடலின் கொடுமையைக் கண்ட துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேமித்துப் பங்கு வாங்குமாறு தொழிலாளரை வேண்டினார். பால்வெட்டும் கைகள் தந்த பணத்தால் 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. மேலும் பல தோட்டங்கள் தொடர்ந்தன.

ரப்பர் விலை நாளை ஏறுமா, இறங்குமா என்று அத்தொழிலாளர் ஆரூடம் கேட்கவில்லை. நிலம் பிறர் கையில் இருக்கும்வரை தம் வாழ்வும் பிறர் கையில் என்ற ஒன்றை மட்டும் தெளிந்தனர். அதற்கு ஏற்பச் செயலாற்றினர். எல்லாத் தோட்டத்தையும் அவர்களால் காக்க முடியவில்லை என்பது உண்மையே. எனினும் வள்ளுவர் சுட்டும் அறிவுக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

நாளைய கணிப்பு

மலேசியா 2020ஆம் ஆண்டில் முழு வளர்ச்சி பெற்ற நாடாகும் என்ற தொலைநோக்குத் திட்டத்தை 1991இல் பிரதமர் மகாதீர் அறிவித்தார். 2020 மார்ச்சில் நாடே பெருந்தொற்றால் முடங்கியது. நாள்தோறும் பல்லாயிரவர் கடந்த ஜொகூர்க் கடற்பாலம் வெறிச்சோடிற்று. கணித்த ஆண்டு வந்தது. கணியாத நோயும் உடன் வந்தது.

இன்று ஜொகூரில் மீண்டும் கணிப்புக் காலம். செம்பனை நின்ற கூலாய் வட்டாரத்துச் செடெனாக்கில் தரவு மையங்கள் எழுகின்றன. ஜொகூர்-சிங்கப்பூர்ச் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான ஒப்பந்தம் 2025 சனவரியில் கையெழுத்தாயிற்று. செயற்கை நுண்ணறிவு எத்தொழிலை வளர்க்கும், எத்தொழிலை அழிக்கும் என்று நாளொரு ஆரூடம் வருகிறது. இவற்றுள் சில பலிக்கும், பல பொய்க்கும்.

எழுதப் புகும் மாணவன் மூன்று வினாக்களைக் கைக்கொள்ளலாம். புதிய கருவி இம்மண்ணின் இயல்புக்குப் பொருந்துமா? இது கறையான் கற்பித்த வினா. அதன் தேவை எங்கிருந்து பிறக்கிறது, எப்போது மாறும்? இது டயர் கற்பித்த வினா. கணிப்புப் பொய்த்தால் விலை கொடுப்பவர் யார்? இது லயத்து வீடுகள் கற்பித்த வினா. முதல் இரண்டையும் அறிஞரும் முதலாளியும் தாமாகவே கேட்டுக்கொள்வர். மூன்றாவதை, விலை கொடுத்தவரின் வழிவந்தோர் கேட்டாலன்றி வேறு எவரும் கேளார்.

தரவு மையம் மின்சாரத்தையும் நீரையும் பெருமளவு உண்ணும். ஆயினும் கட்டி முடித்தபின், பால்மரக் காட்டைப் போல் ஆயிரம் ஆயிரம் கைகளை அது அழைக்காது. தேர்ந்த சிலரையே அழைக்கும். அச்சிலருள் தோட்டத்துப் பாட்டனின் பேரனும் பேத்தியும் இருப்பார்களா என்பது கணிப்பால் முடிவாகும் செய்தி அன்று. அறிவியலும் கணிதமும் அவர்களுக்கு இன்று எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன என்பதால் முடிவாவது. நேற்றைய தொழிலாளர் பத்து வெள்ளியைச் சேமித்து நிலத்தைக் காத்தனர். இன்றைய தமிழர் சேமித்துக் காக்க வேண்டிய நிலம் வகுப்பறையே ஆகும்.