பாஸ் இருக்கு... பஸ் இருக்கா?



கல்லூரி வரலாறு என்றால் கட்டடங்களையும் முதல்வர்களையும் எழுதுவோம். குஜிலியம்பாறை, சாணார்பட்டி, வேடசந்தூர் பக்கமிருந்து விடிகாலையில் கிளம்பி வந்தவர்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது பஸ்ஸின் வரலாறு.

மதுரைச் சீமையில் முதலில் ஓடியவை தனியார் வண்டிகள். டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்து கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம்னு பெரியவங்க சொல்வாங்க. 1972-ல் அந்த வண்டிகள் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. பின்னர் திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டு ராணி மங்கம்மாள் கழகம் வந்தது. 1997-ல் தலைவர்கள் பெயரெல்லாம் நீங்கி, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயர் ஆனது.

பஸ்ஸில் எழுதிய பெயர் எதுவானாலும் கிராமத்து மாணவனுக்குக் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, அவ்வளவுதான். காலை நடை 'கட்' ஆனால் முதல் பீரியட் போச்சு. மாலை நடை கட் ஆனாலோ, "பொம்பளைப் பிள்ளையை எப்படி அனுப்புறது?" என்ற கேள்வி வீட்டில் எழும். படிப்பே நிற்கும் இடம் அது.

2018 ஜனவரி 4 முதல் 11 வரை வேலைநிறுத்தம். அதே மாதம் 20-ஆம் தேதி கட்டண உயர்வு. மாநிலம் முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு எல்லா வண்டியையும் நிறுத்தியது. இவை ஊரறிந்த நிறுத்தங்கள். ஒரு கிராமத்து நடை சத்தமில்லாமல் நின்றால் எந்தப் பேப்பரிலும் வராது.

ஏன் நிற்கிறது? ஒரு நடையின் மதிப்பை கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்று பார்ப்பது வழக்கம். பாஸ் காட்டி ஏறுபவருக்கு டிக்கெட் கிழிப்பதில்லை. அந்தச் செலவை அரசு மானியமாகத் தந்தாலும், நடத்துனர் கணக்கில் அது வராது. படிக்கட்டு வரை தொங்கும் பஸ், ஏட்டில் காலி பஸ்! 2021-ல் வந்த மகளிர் இலவசப் பயணத்தில் கட்டணமில்லா டிக்கெட் தருகிறார்கள். அதனால் தலைக்கணக்கு நிற்கிறது. மாணவருக்கும் அப்படி ஒன்று தந்தால் என்ன?

2025 ஜூனில் புதிய மினிபஸ் திட்டம் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் அது தனியார் வண்டி; தொடங்கியபோது காசு கொடுத்துத்தான் ஏற வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். எந்த ஊர், எந்த நேரம், எத்தனை மாணவர் என்று ஆண்டுதோறும் ஜூனில் நம் சங்கமே ஒரு பட்டியல் எடுத்து, கிளை மேலாளரிடமும் கலெக்டர் மனுநாளிலும் கொடுப்போம். வெறும் கோரிக்கையைத் தள்ளிவிடலாம். தலைக்கணக்கோடு போனால் பதில் சொல்லித்தானே ஆகணும்!