நோவும் நோக்கும்

நோயைப் போக்குதல் மருத்துவத்தின் கடன். அந்நோயைப் போக்கும் செயலால் விளையும் நோவைப் போக்குதலும் அதன் கடனேயாம். முன்னையது தொன்றுதொட்டு உணரப்பட்டது. பின்னையது செவ்வனே நிறைவேறத் தொடங்கி இன்னும் 200 ஆண்டுகள் நிரம்பவில்லை. இவ்வுண்மையைக் குடலிறக்கம் என்னும் ஒரு பிணியை மாத்திரம் எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அடிவயிற்றுச் சுவரின் நலிந்த இடத்தினூடாகக் குடல் பிதுங்கி வெளிப்படுதலே குடலிறக்கம். பொத்துவிற் கரையிலே தோணி தள்ளுவோரும், வயலிலிருந்து நெல்மூட்டை சுமப்போரும் இதனை நன்கறிவர். இதற்கு நிலையான தீர்வு சத்திரசிகிச்சையே. ஆயினும், வெட்டினால் நோகுமே என்னும் அச்சத்தால் ஆண்டுக்கணக்காகக் கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு காலம் கழித்து, ஈற்றிலே குடல் நெரிபட்டு உயிருக்கு இடர் நேர்ந்த பின்னரே மருத்துவமனையை நாடுவாரும் உளர். ஆகவே, நோவைத் தணித்த வரலாறு எம்மயலவரையும் சார்ந்த வரலாறாகும்.

1846 ஆம் ஆண்டு ஒற்றோபர் 16 ஆம் நாள், அமெரிக்காவிலே பொஸ்தன் நகர மருத்துவமனையொன்றில், மோட்டன் என்பார் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்க, நோவின்றிச் சத்திரசிகிச்சை நடைபெற்றது. மறு ஆண்டில் எடின்பரோவிலே சிம்சன் குளோரபோமைக் கையாண்டார். அவ்வாண்டிலேயே அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயை நிலைக்களனாகக் கொண்ட அவர், தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தலைப்பட்டு, அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவரைப் பயிற்றியதோடு, ‘இரண வைத்தியம்’ என்னும் நூலையும் 1867 இல் வெளியிட்டார். உடலின் உட்பகுதிகளைத் தம் மொழியிலே பெயர்சொல்லி அறியாதவன் கத்தியைத் தொடலாகாது என்பதை அவர் பணி நமக்கு உணர்த்துகின்றது.

மயக்கமருந்து வந்ததனால் இடர் முற்றும் நீங்கிற்றா எனின், அன்று. 1893 இல் அதே பொஸ்தன் மருத்துவமனையில் ஹாவி குஷிங் என்னும் மாணவர், குடல் நெரிபட்ட நோயாளியொருவருக்கு ஈதர் கொடுத்தார். நோயாளி வாந்தியெடுத்து, அது மூச்சுக்குழலுட் புக, உயிர் நீத்தார். மாணவரோ மருத்துவக் கல்வியையே கைவிட எண்ணினார். ஆயினும் அவர் கைவிட்டிலர். 1884 இல் வியன்னாவின் கொல்லர், கொக்கேயின் கண்ணை மரக்கச் செய்தலைக் காட்டியிருந்தார்; அதனையடுத்து ஹால்ஸ்ரெட் அம்மருந்தை நரம்பருகே செலுத்தினார். அந்த ஹால்ஸ்ரெட்டின் கீழ்ப் பணியாற்றிய குஷிங், குடலிறக்கச் சிகிச்சையின்போது வெட்டிய இடத்திலே நரம்புகளைக் கண்ணாற் கண்டு, அவற்றை மரக்கச்செய்யும் முறையை 1900 இல் எழுதி வெளியிட்டார். நோயாளி விழித்திருக்கவே சிகிச்சை நடந்தது.

அடிவயிற்றுச் சுவரிலே தசைப்படைகள் மூன்று உள. இடுப்பெலும்பின் அருகே, உட்படைகள் இரண்டுக்கும் இடையிலேதான் அந்நரம்புகள் செல்கின்றன. அவற்றைச் சூழ மருந்தை இட்டால், நரம்பிழையினுள் சோடியம் புகுதல் தடைப்பட, நோவுச் செய்தி மூளையை எட்டாதொழியும். தோலைத் திறவாமலே இதனைச் செய்ய விரும்பியோர், எலும்பைத் தொட்டு அளந்து, ஊசி தசையைத் துளைக்கும் உணர்வை விரலால் அறிந்து, உத்தேசமாக மருந்திட்டனர். 2008 இல் வியன்னா ஆய்வாளர் 62 பிள்ளைகளில் இம்முறையைச் சோதித்தபோது, மருந்து நரம்பைச் சரிவரச் சூழ்ந்தமை 14 வீதத்திலேயே எனக் கண்டனர். கைத்திறன் எத்துணை சிறப்பினும், காணாத இலக்கிற்கு எய்த அம்பு பெரும்பாலும் தவறும் அன்றோ?

அக்குறையை நிரப்பியது ஒலியாகும். மனிதச் செவிக்கு எட்டாத கழியொலி அலைகள் உடலுட் புகுந்து, எதிரொலித்து மீண்டு, திரையிலே உருவாகின்றன. கிளாஸ்கோவின் இயன் டொனால்ட் குழுவினர் 1958 இல் மகளிர் மருத்துவத்தில் அதன் பயனை வெளியிட்டனர். 1994 இல் வியன்னா மருத்துவர் கைநரம்புகளை மரக்கச்செய்ய அதனைத் துணைக்கொண்டனர். 2005 இல் அந்நகரத்தார், இடுப்பு மடிப்புச் சிகிச்சை பெற்ற 100 பிள்ளைகளிடையே இருமுறைகளையும் ஒப்பிட்டனர். கழியொலி வழியில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட மருந்து மீதமாயிற்று. சிகிச்சையின் பின்னர் வேறு நோவுமருந்து வேண்டியோர், பழைய முறையில் 40 வீதத்தினராக, இதில் 6 வீதத்தினரேயாயினர். குஷிங் உடலைத் திறந்து கண்ட நரம்பை, இக்காலத்தார் திறவாமலே காண்கின்றனர்.

இம்முறையும் எல்லையுடையதே. ஒருமுறை இடும் மருந்தின் பயன் சில மணித்தியாலங்களே நிற்கும். அதன்பின் மாத்திரைகள் வேண்டும். சிலருக்குத் தொடை சிறிதுபொழுது தளரவும் கூடும். கருவியிருந்தாற் போதாது, பயின்ற கையும் கண்ணும் வேண்டும். எனினும், நோவு தணிந்தவனே ஆழ மூச்செடுப்பான், தயங்காது இருமுவான், விரைவில் எழுந்து நடப்பான்.

மாணவர்களே, நோவைப் பொறுத்தல் திண்மைதான். தடுக்கக்கூடிய நோவைப் பிறர் பொறுக்குமாறு விடுதல் அறமன்று. நீவிர் மருத்துவராயின், கிறீன் செய்தது போல நோயாளியின் மொழியிலே விளக்குக. மருத்துவராகாதவிடத்தும், உம் வீட்டு முதியவர் கச்சையை மேலும் இறுக்குவாராயின், அவரோடு மருத்துவமனைக்குச் சென்று, ‘வெட்டிய பின்னர் நோகாதிருக்க என்ன செய்வீர்கள்?’ என்று அவர் பொருட்டு வினவுக. அவ்வினாவுக்கு இன்று விடையுண்டு.