கயிறில்லாத துறப்பணம்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமிர்தி போயிருந்தேன். தெரியாதவங்களுக்காக: வேலூரிலிருந்து கணியம்பாடி வழியா ஏறக்குறைய 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை அடிவாரம். அருவி, வனவிலங்குப் பூங்கா பார்க்க வர்றவங்களுக்கு அது சுற்றுலா. எனக்கு அது அக்கா வீடு.

அன்னைக்கு ஆட்டுக்கொட்டாய்க்குத் தகர ஷீட் அடிக்கிற வேலை. கொட்டாய் தோட்டத்துக் கடைசியில, பிளக் பாயிண்ட் வீட்டு முன் அறையில. நான் வயரோட வயரை முடிச்சுப் போட்டு இன்சுலேஷன் டேப்பைத் தேடிக்கிட்டிருந்தேன். அக்கா பையன் பையிலிருந்து பேட்டரி டிரில்லை எடுத்தான். "இன்னா மாமா, இன்னும் வயரைப் புடிச்சிக்கினு கீறே?" என் டேப் கிடைக்கிறதுக்குள்ள பாதி ஷீட் ஏறிடுச்சு.

பையன் ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் முடிச்சிட்டு ஆம்பூர்ல ரூம் எடுத்துத் தங்கி, ஒரு மேஸ்திரிகிட்ட தொழில் கத்துக்கறான். தோல் ஷாப்பு, ஷூ கம்பெனின்னு போய் ரிப்பேர் வேலை பார்க்கிறவர் மேஸ்திரி. சாயந்திரம் டீ குடிக்கும்போது மெதுவா ஆரம்பிச்சான்.

"மாமா, இது மேஸ்திரியோடது. அம்மாக்கு சீட்டுப் பணம் வருது. எனக்குன்னு ஒண்ணு வாங்கலாம்னு சொல்லுது. எந்த கம்பெனி வாங்கறது?"

அக்காவோட ஒரு வருஷச் சீட்டு. தப்பாச் சொன்னா தம்பி உறவே போயிடும் :-) ரெண்டு நாள் டைம் கேட்டேன். அந்த ரெண்டு நாள் படிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

நம்ம ஆசாரிங்க கையில மின்சாரத்துக்கு ரொம்ப முன்னாடியே ஒரு டிரில் இருந்தது. பேரு துறப்பணம். மரக்கட்டையில ஒரு அலகு, அதைச் சுத்தி ஒரு கயிறு. கயிறை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்தா அலகு சுத்தும், ஓட்டை விழும். கட்டையை ஆசாரியே கடைஞ்சுக்குவார், அலகை உள்ளூர்க் கொல்லர் அடிச்சுக் கொடுப்பார். அலகு போனா அலகு மட்டும், கயிறு அறுந்தா கயிறு மட்டும் மாத்தலாம். எந்தக் கம்பெனிகிட்டயும் போய் நிக்க வேண்டாம்.

கையில பிடிக்கிற மின்சார டிரில் 1895ல வந்தது. செஞ்சவர் ஜெர்மனியில ஸ்டட்கார்ட் நகரத்து எமில் ஃபைன். துறப்பணக் கயிறு போய் மின்சாரக் கயிறு வந்தது. அமெரிக்காவுல பால்டிமோர்ல டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர்னு ரெண்டு பேர் 1910ல ஒரு பட்டறை ஆரம்பிச்சாங்க. அதுக்காக பிளாக் தன் காரை 600 டாலருக்கு வித்தாராம். (தொழில் தொடங்க எதையாவது விக்கறது நம்ம வீட்டு வழக்கம் மட்டும் இல்லைன்னு ஒரு ஆறுதல்.) கைத்துப்பாக்கி மாதிரி பிடியும் விசையும் உள்ள டிரில்லுக்கு 1917ல அவங்களுக்குக் காப்புரிமை கிடைச்சது. இன்னைக்கும் எல்லா டிரில்லும் அந்த உருவம்தான்.

வயரைக் கழட்டி எறிஞ்சதும் அதே கம்பெனிதான். நிக்கல் காட்மியம் பேட்டரி போட்ட டிரில்லை 1961ல கொண்டு வந்தாங்க. நாசாதான் வயரில்லா டிரில்லைக் கண்டுபிடிச்சதுன்னு ஒரு கதை சுத்தும், நம்பாதீங்க. கடைக்கு வந்த பிறகுதான் நிலாவுக்குப் போச்சு. 1971ல அப்போலோ 15 பயணத்துல டேவிட் ஸ்காட் பேட்டரி டிரில்லால நிலாத் தரையைத் துளைச்சார். உள்ளே போன குழாய் சிக்கிக்கிச்சு. அவரும் ஜேம்ஸ் இர்வினும் சேர்ந்து படாத பாடு பட்டு இழுத்தாங்க. பிட் சிக்கினா என்ன பாடுன்னு நம்ம பையன்களுக்குச் சொல்லணுமா!

அதே 1961ல நம்ம பாராளுமன்றம் அப்ரண்டிஸ் சட்டத்தை நிறைவேத்திச்சு. தொழில் கத்துக்கறவனுக்கு ஒப்பந்தம், உதவித்தொகை, வேலை நேரம் எல்லாம் எழுத்துல வந்தது. வயரில்லா டிரில்லும் அப்ரண்டிஸ் சட்டமும் ஒரே வயசுக்காரங்க. ஆனா அக்கா பையன் மாதிரி மேஸ்திரிகிட்ட கத்துக்கறவன் அந்தச் சட்டத்துக்கு வெளியிலதான் நிக்கறான். அவன் பையில இருக்கற சாமானுக்கு அவனேதான் பொறுப்பு.

ஜப்பான் பக்கம் பார்த்தா, மகிட்டா 1915ல நகோயாவுல மோட்டார் விக்கிற, ரிப்பேர் பண்ற கடையா ஆரம்பிச்சது. 1969ல முதல் பேட்டரி டிரில், 1978ல நிக்கல் காட்மியத்துல இன்னொண்ணு. நம்ம நாட்டுல அந்தக் காலத்துப் பட்டறைகள்ல ரல்லிவுல்ஃப் பேர் பெருசு. எல்லாம் வயர் உள்ளது. கார்பன் தேஞ்சா மாத்திக்கலாம், ஆர்மேச்சர் கருகினா வைண்டிங் கடையில சுத்திக்கலாம். பிராண்ட் எதுவா இருந்தாலும் வைண்டிங் கடைக்காரருக்கு ஒண்ணுதான்.

பெரிய மாத்தம் லித்தியம் அயான்ல வந்தது. சோனி அதை 1991ல கடைக்குக் கொண்டு வந்தது. பாஷ் 2003ல இக்ஸோங்கற குட்டி ஸ்க்ரூ டிரைவர்ல வெச்சது. 2005ல மில்வாக்கியோட 28 வோல்ட், மகிட்டாவோட 18 வோல்ட் சாமான்கள் வந்தப்பதான் அது கனமான வேலைக்கு இறங்குச்சு. இந்த பேட்டரிக்கு அடித்தளம் போட்ட மூணு விஞ்ஞானிகளுக்கு 2019ல நோபல் கிடைச்சது. 2012ல எங்க பக்கம் கரண்ட் இருந்த நேரத்தை விரல் விட்டு எண்ணலாம். அப்பவே இது எல்லார் கையிலயும் இருந்திருந்தா எத்தனை நாள் கூலி மிஞ்சியிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். தோல் ஷாப்புல ஈரத் தரையில, டேப் சுத்தின வயரை இழுத்துக்கிட்டு நின்னவங்களுக்கு அது கூலிக்கணக்கு மட்டும் இல்லை, உயிர்க்கணக்கு.

சரி, பிராண்ட் மேட்டருக்கு வருவோம்.

டிரில்லோட முன்பக்கத்தைப் பாருங்க. 1902ல ஆர்தர் ஜேக்கப்ஸ் சாவி போட்டு இறுக்கற சக்குக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு எந்தக் கம்பெனி பிட்டும் எந்தக் கம்பெனி சக்குலயும் நிக்கும். கான்கிரீட் துளைக்கிற ஹேமருக்கு 1975ல பாஷ் கொண்டு வந்த எஸ்.டி.எஸ். பிடியை, போட்டிக் கம்பெனிகளும் எடுத்துக்கிட்டாங்க. எங்க அம்மாவோட உஷா தையல் மிஷின்ல சிங்கர் ஊசி போட்டுத் தைச்ச மாதிரி. முன்பக்கம் முழுக்கப் பொதுச்சொத்து.

பின்பக்கம்? ஒவ்வொரு கம்பெனி பேட்டரிக்கும் ஒரு தனிப் பல். உள்ளே போனா அஞ்சு செல் வரிசை, ஒவ்வொண்ணும் 3.6 வோல்ட், ஆக 18. முழுசா சார்ஜ் ஏறினா செல்லுக்கு 4க்குக் கொஞ்சம் மேல, ஆக ஏறக்குறைய 20. ஒருத்தர் 18னு எழுதுவார், இன்னொருத்தர் 20னு எழுதுவார், சமாச்சாரம் ஒண்ணுதான். ஆனா அதை இதுல மாட்ட முடியாது.

கொஞ்சம் இறங்கி வந்தவங்களும் உண்டு. மெட்டாபோ முன்னால நின்னு 2018ல ஒரு கூட்டணி, பாஷ் முன்னால நின்னு 2022ல இன்னொண்ணு, ஒரே பேட்டரியைப் பல கம்பெனிகள் பகிர்ந்துக்க. மகிட்டா, டிவால்ட் ரெண்டும் அந்தக் கூட்டணிகள்ல கிடையாது. போனுக்கெல்லாம் பொது சார்ஜர்ங்கற சட்டம் ஐரோப்பாவுல 2024 டிசம்பர் 28ல அமலுக்கு வந்துச்சு. டிரில் பேட்டரி அந்தப் பட்டியல்ல இல்லை.

ஆக முதல் டிரில் வாங்கறவன் டிரில்லை மட்டும் வாங்கலை. நாளைக்கு வாங்கப் போற கட்டிங் மிஷின், கிரைண்டர், ஹேமர் எல்லாத்தையும் இன்னைக்கே முடிவு பண்றான். என் கதையே சாட்சி. சில வருஷம் முன்னாடி விலை குறைச்சலா ஒண்ணு வாங்கினேன் (பேர் வேண்டாம்). மிஷின் இன்னும் புதுசு மாதிரி இருக்கு, பேட்டரி செத்துப்போச்சு. அந்த பேட்டரி இப்ப வர்றதில்லைன்னுட்டாங்க. பரண் மேல தூங்குது.

இதெல்லாம் பையன்கிட்ட போன்ல சொல்லிட்டு, பெரிய மேதாவி மாதிரி முடிச்சேன். "மேஸ்திரி எது வெச்சிருக்காரோ அதையே வாங்குடா. உன் பேட்டரி தீர்ந்தா அவருது, அவருது தீர்ந்தா உன்னுது. சர்வீஸுக்கும் அவர் போற இடமே உனக்கும்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டான்.

"அப்ப நான் அவுருகிட்டயே இருக்கணுமா மாமா?"

எனக்குப் பதில் வரலை. நான் படிச்ச சரித்திரத்துல இந்தக் கேள்வி இல்லை. துறப்பணக் காலத்துல ஒரு பையன் ஆசானை விட்டு வெளியே வந்தா, அவன் பையில இருக்கறது எந்த ஊர்லயும் வேலை செய்யும். வயர் டிரில்லும் அப்படித்தான், எந்த ஊர் பிளக்குலயும் ஓடும். இப்ப அக்கா பையன் நாளைக்கு ராணிப்பேட்டையில இன்னொரு மேஸ்திரிகிட்டப் போனா, அங்கே வேற நிற பேட்டரி இருந்தா, இவன் சாமான் அனாதை. கயிறை அறுத்துட்டோம்னு சந்தோஷப்பட்டோம். கயிறு போன இடத்துல ஒரு பூட்டு வந்து உக்காந்திருக்கு.

முடிவை அவனே எடுத்தான். முதல்ல நல்ல பிட் செட் ஒண்ணு வாங்கிட்டான். இரும்புக்கு, மரத்துக்கு, கான்கிரீட்டுக்குன்னு தனித்தனியா. அது எவர் மிஷின்லயும் மாட்டும். மேஸ்திரி டிரில்லுலயே இன்னும் ஆறு மாசம் கை பழகறானாம். ஆம்பூரா, ராணிப்பேட்டையா, ஓசூரான்னு தெரிஞ்ச பிறகு, அங்கே எந்த பேட்டரி ஓடுதோ, அதுக்கு சர்வீஸ் பக்கத்துல இருக்கான்னு பார்த்துட்டு வாங்குவானாம்.

மிச்சச் சீட்டுப் பணம் அக்காகிட்டயே இருக்கு. "உன்னை விட அவன் தெளிவாத்தான் கீறான்"னு அக்கா சொல்லிட்டா. மறுக்கறதுக்கில்லை.

டிஸ்கி: ஆட்டுக்கொட்டாய் ஷீட் நல்லாத்தான் நிக்குது. நான் அடிச்ச பக்கம் மட்டும் லேசா ஒழுகுதாம்.